புதன்கிழமை மூடியிருக்கும் தெரு

மார்ச் 3, திங்கள்

இன்று காலை தேநீர் ஆறுவதற்குள் ஒரு தரிசு நிலத்தைத் தொழிற்பேட்டையாக்கினேன். நடுவே ஓர் அகலமான சாலை விட்டேன். அது நேராகக் கிடந்தது பிடிக்காமல் லேசாக வளைத்தேன். இருபது வருஷம் கழித்து அந்த வளைவில் பிரேக் போடும் லாரி ஓட்டுநர்கள் என்னைத்தான் திட்டுவார்கள். அமரத்துவம் என்பது வேறென்ன?

மண்டலத் திட்ட அலுவலகத்தின் தலைமை வரைவாளன் என்றால் சும்மாவா! தொழிலுக்கு ஊதா, குடியிருப்புக்கு மஞ்சள், வயலுக்குப் பச்சை. பேரரசர்கள் யானைப்படை வைத்துச் செய்ததை நான் ஒரு மவுஸை வைத்துச் செய்கிறேன். (அளப்பது வெளியாட்கள், முடிவெடுப்பது இயக்குநர், தாளைப் பார்த்து வண்ணம் போடுவது மட்டும்தான் நான் என்று சிலர் சொல்லக்கூடும். இது என் நாட்குறிப்பு. அவர்கள் தங்கள் நாட்குறிப்பில் எழுதிக்கொள்ளட்டும்.)

விளையாட்டுக்கு நடுவே ஓர் உண்மையும் உண்டு. நூற்பாலை மூடியதிலிருந்து இந்த ஊர்ப் பிள்ளைகள் பெட்டியோடு பேருந்து ஏறிக்கொண்டே இருக்கிறார்கள். கிழக்கே நெடுஞ்சாலை ஓரத்தில் பெரிய பெரிய மனைகளாக வெட்டி வைத்தால் பெரிய ஆலைகள் வரும், பேருந்து காலியாகப் போகும் என்பது இயக்குநரின் கனவு. எனக்கும் அதே கனவுதான்.

மாலையில் மாடிக்கு ஏறும்போதே அக்கா மகள் வழிமறித்தாள். நான் குடியிருப்பது அக்கா வீட்டு மாடி. கீழ்த்தளத்தில் தாயும் மகளும் ஆட்சி. மகள் லேத் தெருவில் இரும்பு கடையும் பட்டறை நடத்துகிறாள். நான் வைத்த பட்டம் லேத் ராணி.

"மாமா, உலகத்துக்கே ப்ளான் போடுறீங்க. எனக்கு ஒரே ஒரு குழிக்கு ப்ளான் போட்டுத் தர மாட்டீங்களா?"

மூடிய ஆலையின் பணிமனையில் கிடந்த பெரிய லேத்தை வாங்கியிருக்கிறாள். அதை நிறுத்தத் தரையில் குழி வெட்டி, போல்ட் பதித்து, கான்கிரீட் போட வேண்டும். ராணியின் ஆணையை ஏற்றேன்.

மார்ச் 5, புதன்

புதன் என்றால் எனக்கு அரை நாள் விடுப்பு. இது எனக்கும் வானத்துக்கும் உள்ள ஒப்பந்தம்.

லேத் தெருவுக்கு வாரவிடுமுறை புதன்தான். பட்டறைகளுக்கு மின்சாரம் நிறுத்தும் நாள் அது. மற்ற நாட்களில் அந்தத் தெருவில் நின்று தும்மினால் தும்மியது நமக்கே கேட்காது. புதன்கிழமை மட்டும் ஷட்டர் எல்லாம் இறங்கி, நாய்கூட நடுத்தெருவில் கால் நீட்டிப் படுத்திருக்கும். ஆனால் உள்ளே ஆள் இருக்கும். ஷட்டரை முழங்கால் உயரத்துக்குத் தூக்கி வைத்து, குனிந்து நுழைய வேண்டும். ராணி மெஷினுக்கு எண்ணெய் விடுவாள், நான் ஸ்டூலில் உட்கார்ந்து நாட்டு நடப்பை அலசுவேன். பட்டறைப் பிள்ளைகள் சிரிப்பார்கள். என் ராஜசபை அது.

குழி எங்கே வரப்போகிறது என்று சுண்ணாம்பால் கோடு போட்டுக் காட்டினாள். "இந்த லேத் நின்னுட்டா, நீள ஷாஃப்ட் எதையும் திருப்பி அனுப்ப வேண்டாம் மாமா. இன்னும் நாலு பேரை வேலைக்கு எடுப்பேன். வெளியூர் போன நம்ம வெல்டரைக்கூடத் திரும்பக் கூப்பிட்டுட்டேன்."

கான்கிரீட்டும் புதனன்றுதான் போட வேண்டுமாம். மற்ற நாட்களில் பக்கத்து மெஷின்களின் அதிர்வில் போல்ட் நகர்ந்துவிடும். அடுத்த புதன் என்று நாள் குறித்தாயிற்று. குழி வெட்டிக் கான்கிரீட் போட்டபின் அந்த மெஷினை ஆண்டவனாலும் அசைக்க முடியாது.

மார்ச் 10, திங்கள்

கள ஆய்வுத் தாள்கள் வந்தன. அளவெடுப்புக்கு வெளி நிறுவனத்தை அமர்த்தியிருந்தோம். கழுத்தில் அடையாள அட்டை, தலையில் தொப்பி, நிலவில் இறங்கியவர்களைப் போல நடந்த ஆட்கள்.

லேத் தெருவுக்கான தாள்: "மூடப்பட்ட கிடங்குகள். ஆள் நடமாட்டம் இல்லை. ரயில் நிலையத்துக்கு அருகில். பரிந்துரை: குடியிருப்பு."

தேதியைப் பார்த்தேன். புதன்.

சிரித்தேன் பாருங்கள், அலுவலகத்தின் கூரை ஒரு சாண் உயர்ந்து இறங்கியது. ஒரு தெருவே கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த நாளில் வந்து, அது செத்துவிட்டது என்று சான்றிதழ் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். நாளை இயக்குநரிடம் சொல்லி அவரையும் வயிறு குலுங்கச் சிரிக்க வைக்க வேண்டும்.

மார்ச் 11, செவ்வாய்

அவர் சிரிக்கவில்லை.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

"இந்த ஊர்ல எல்லாருக்கும் தெரியும் சார்."

"தாள்ல இல்லையே. நீங்க சொன்னீங்கன்னு நான் ஒரு தெருவை மாத்தினா, நாளைக்கு இன்னொருத்தர் சொன்னார்னு இன்னொரு தெருவை மாத்தணும். வரைவைக் காட்சிக்கு வெச்சதும் ஆட்சேபணை சொல்ல நாள் குடுக்கிறோம் இல்ல? அந்தத் தெருக்காரங்க வந்து சொல்லட்டும். அதுதான் வழி."

"அவங்களுக்குத் தெரியணுமே."

"காட்சிக்கு வரும்போது தெரியும். அதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை வெளிய போகக் கூடாது. எந்த இடம் ஊதா, எந்த இடம் மஞ்சள்னு கசிஞ்சா நிலம் கை மாறும். கோர்ட்ல ஒரே நாள்ல தடை வாங்குவாங்க. கிழக்குத் தொழிற்பேட்டையும் சேர்ந்து போயிடும். எத்தனை பேர் வேலைன்னு உங்களுக்கே தெரியும்."

தெரியும். நான்தானே அதற்குச் சாலை வளைத்தவன்.

மஞ்சளானால் என்ன ஆகும் என்பதும் தெரியும். புதிய மின் இணைப்பு கிடையாது. கொஞ்ச வருஷத்தில் உரிமம் புதுப்பிக்க மாட்டார்கள். அப்புறம் மெஷினைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். எங்கே? கிழக்கே உள்ள மனை ஒவ்வொன்றும் லேத் தெருவையே மடித்து உள்ளே வைக்கும் அளவு. அவளால் அதில் ஒரு மூலையைக்கூட வாங்க முடியாது.

அங்கே என் அக்கா மகளின் பட்டறை இருக்கிறது என்று இயக்குநரிடம் சொன்னேனா? இல்லை. ஏன் சொல்லவில்லை? சொன்னால் வரைபடத்தையே என் கையிலிருந்து பிடுங்கிவிடுவார். பிடுங்கினால் என்ன? — தெரியவில்லை. கையில் இருந்தால் ஏதாவது செய்யலாம் என்று ஒரு நப்பாசை.

நாளை புதன். நாளை கான்கிரீட்.

மார்ச் 12, புதன்

போல்ட் வரவேண்டிய இடம் ஒரு கை நீளம் பிசகியிருக்கிறது என்று கண்டுபிடித்து, நான் போட்டுக் கொடுத்திருந்த குழி வரைபடத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். பிசகு எதுவும் இல்லை. கலவை போட வந்த கொத்தனார் என்னைப் பார்த்த பார்வையில் கலவை தானாகவே கெட்டியாகியிருக்கும்.

மார்ச் 17, திங்கள்

லேத் தெருவுக்கு மஞ்சள் போட்டேன். ஒரு சொடுக்கு. அவ்வளவுதான்.

சாலையைப் போட்டபோது மனசுக்குள் எக்காளம் ஊதியது. இன்று மின்விசிறிச் சத்தம் மட்டும்.

மார்ச் 19, புதன்

இன்றைய கண்டுபிடிப்பு: தரைக்கடியில் ஈரம் இருக்கலாம். மண்ணைப் பார்க்க வேண்டும். நூறு மாடிக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் போடும் பொறியாளனைப் போல ஒரு பிடி மண்ணை எடுத்து முகர்ந்து பார்த்தேன்.

"சரி, பாத்துச் சொல்லுங்க மாமா," என்று மட்டும் சொன்னாள். சிரிக்கவில்லை.

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நாக்கு துடிக்கிறது. சொன்னால் தெரு முழுக்கத் தெரியும். தெருவுக்குத் தெரிந்தால் ஊருக்குத் தெரியும். இயக்குநர் சொன்னதுபோல எல்லாமே கோர்ட்டில் போய்ப் படுக்கும். சொல்லாவிட்டால் இவள் வாங்கிய மெஷின் ஆலை முற்றத்தில் வெயிலில் நிற்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் நான்தான் கழுதை.

மார்ச் 24, திங்கள்

இன்று ஒரு சின்னக் குறும்பு செய்தேன். உலகப் போரையே நிறுத்தும் அளவுக்குச் சின்னது.

வரைவுப் படத்தை எங்கெல்லாம் காட்சிக்கு வைப்பது என்ற குறிப்பு என்னிடம் வந்தது. வழக்கம்போல அலுவலக மாடி நடை, நூலகம். இரண்டு இடத்திலும் மனிதர் வந்து பார்த்ததாகச் சரித்திரம் இல்லை. ஆனால் விதி சொல்வது, "பொதுமக்கள் வழக்கமாகக் கூடும் இடங்கள்." மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தேன்: எடைமேடை.

லேத் தெருவின் முனையில் லாரி எடை போடும் மேடை அது. இந்த வட்டாரத்தில் இரும்பு ஏற்றிய வண்டி எதுவானாலும் அங்கே நின்றுதான் போகும். நின்றவன் சும்மா நிற்க மாட்டான், சுவரில் என்ன இருந்தாலும் படிப்பான்.

இயக்குநர் குறிப்பைப் பார்த்தார். பேனாவை மூடினார். திறந்தார். கையெழுத்துப் போட்டார். என் இதயம் அப்போது அடித்த அடிக்குக் கதவு ஜன்னல் எல்லாம் ஆடின.

மார்ச் 26, புதன்

மூன்றாவது புதன். போல்ட்டின் இரும்பே சரியில்லை என்றேன்.

ராணி எண்ணெய்க் குவளையைக் கீழே வைத்தாள். பிள்ளைகளை வெளியே போய்த் தேநீர் குடித்துவிட்டு வரச் சொன்னாள்.

"மாமா, அந்த போல்ட்டைக் கடைஞ்சதே நான்தான். இரும்பு எப்படின்னு எனக்குத் தெரியாதா? நிஜத்தைச் சொல்லுங்க. நான் இந்த மெஷினை வாங்கினது உங்களுக்குப் பிடிக்கலையா? தாங்க மாட்டேன்னு நெனைக்கிறீங்களா?"

"ஐயோ, அதில்லைம்மா."

"அப்புறம் எது?"

நான் ஒரு நகைச்சுவை சொன்னேன். என்ன சொன்னேன் என்பது இப்போது நினைவில்லை. அவள் ஷட்டரை முழுக்கத் தூக்கிவிட்டாள். கிளம்பு என்பதற்கு அந்தப் பட்டறையில் அதுதான் மொழி.

ஏப்ரல் 1, செவ்வாய்

வரைவுப் படத்தை மூன்று இடத்திலும் மாட்டியாயிற்று. இன்று பார்த்து இந்தத் தேதி.

ஏப்ரல் 2, புதன்

வரைபடத்தில் வடக்கு காட்டும் அம்புக்கு நான் மீசை வைப்பது வழக்கம். சின்னதாக, இரண்டு பக்கமும் முறுக்கி. முப்பது வருஷமாக என் படங்களுக்கு அதுதான் கையெழுத்து. அவள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அவளுக்கு வரைந்து கொடுத்த படங்களிலும் அதே மீசை.

மாலையில் மாடிக்கு வந்தாள். எடைமேடையில் தொங்கும் வரைவைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். தெருவைக் காட்டவில்லை. மீசையைக் காட்டினாள்.

"இது நீங்கதானே?"

"ஆமா."

"எப்போ போட்டீங்க இந்த மஞ்சளை?"

"...போன மாசம், மூணாவது வாரம்."

"அதுக்குத்தான் ஒவ்வொரு புதனும் ஒரு கதையா? மண்ணை மோந்து பாத்தீங்களே மாமா! நானும் நம்பி நின்னேனே! வெல்டர் அங்க வேலையை விட்டுட்டு வந்து நிக்கிறான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா—"

"சொல்லக் கூடாதும்மா. சொன்னா எல்லாமே—"

"என்கிட்டகூடவா?"

எனக்கு வாய் வரவில்லை. எனக்கு! மூன்று மணி நேரம் மூச்சு விடாமல் பேசி ஒரு கல்யாணத்தையே நிறுத்தியவன் நான்.

"அந்த ட்ராயிங்கைக் குடுங்க. நான் வேற ஆளை வெச்சுப் போட்டுக்கிறேன்." வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

என்ன செய்திருக்க வேண்டும் நான்? சொல்லியிருக்கணுமா? சொல்லாம இருந்தது சரியா?

ஏப்ரல் 4, வெள்ளி

கீழே இரண்டு தட்டு வைக்கும் சத்தம் கேட்கிறது. எனக்கு அக்கா மாடிப்படியில் கொண்டுவந்து வைக்கிறாள். சிறைச்சாலையில் இருக்கும் மன்னனுக்குக்கூட யாராவது ஒருவன் கொண்டுவந்து கையில் கொடுப்பான்.

"ஏன்டா, ஆபீஸ் பெருசா, அவ பெருசா?" என்றாள் படியிலிருந்தே.

"ஊர் பெருசுக்கா."

"ஆமா, ஊர்தான் உனக்குத் துணி துவைச்சுப் போடுது."

ஏப்ரல் 9, புதன்

எடைமேடை வரை போனேன். தெரு மூடியிருந்தது. அவள் ஷட்டர் முழங்கால் உயரத்துக்குத் தூக்கியிருந்தது தெரிந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

ஏப்ரல் 17, வியாழன்

ஆட்சேபணை விசாரணை. இதை வரிசையாக எழுத முயல்கிறேன்.

நூலகக் கூடம். வழக்கமாக இப்படி விசாரணைக்கு இரண்டு ஓய்வூதியக்காரர்களும் ஒரு பூனையும் வருவார்கள். இன்று நாற்காலி போதவில்லை. லேத் தெரு மொத்தமும் கிரீஸ் படிந்த நகங்களோடு வந்து உட்கார்ந்திருந்தது. முன்வரிசையில் அவள். என் பக்கம் திரும்பவே இல்லை.

ரயில் நிலையம் அருகே அடுக்குமாடி கட்டக் காத்திருக்கும் நிறுவனத்தின் வக்கீலும் வந்திருந்தார். தெருக்காரர்கள் ஒவ்வொருவராக "நாங்க உயிரோடதான் சார் இருக்கோம்" என்று சொல்லி முடித்ததும் எழுந்தார்.

"ஆய்வுத் தாள் தெளிவா இருக்கு. திடீர்னு ஒரு தெருவே திரண்டு வந்திருக்கு. எப்படி? இதுவரைக்கும் எந்தத் திட்டப்படமாவது எடைமேடைல தொங்கினதுண்டா?" கொஞ்சம் நிறுத்தினார். "இந்தப் படத்தை வரைஞ்சவர் அதோ உக்காந்திருக்கார். இந்தத் தெருவுல பட்டறை வெச்சிருக்கிற இந்த அம்மாவுக்கு அவர் சொந்த மாமா. இதை அவர் அலுவலகத்துக்குச் சொல்லியிருக்காரான்னு கேளுங்க."

இயக்குநர் மெதுவாக என்னைத் திரும்பிப் பார்த்தார். "உண்மையா?"

எழுந்தேன். "மாமாதான் சார். சொல்லலை."

முடிந்தது என்று நினைத்தேன். தெருவும் போச்சு, கிழக்கும் போச்சு, என் ஒருவன் வாயால்.

அப்போது அவள் எழுந்தாள். குரல் கிழிந்தது.

"மாமாதான்! என்ன பண்ணினார் தெரியுமா எங்க மாமா? என் பட்டறையை அவர் கையாலயே மஞ்சளாக்கினார். ஒரே வீட்டுல இருக்கோம். தினமும் என்னைத் தாண்டித்தான் மாடி ஏறுவார். ஒரு வார்த்தை சொல்லலை! குழி வெட்டி மெஷினுக்காக நான் காத்துக்கிட்டு நிக்கிறேன், போல்ட் சரியில்லை, மண் சரியில்லைன்னு கதை விட்டாரே தவிர, வாயைத் திறக்கலை. எனக்கு அவரோட பேச்சுவார்த்தை இல்லை, போய் எங்கம்மாவைக் கேளுங்க. சொந்தக்காரர் உதவி பண்ணினாராம்! இப்படி ஒரு உதவி உங்க வீட்டுல யாராவது பண்ணினா நீங்க சோறு போடுவீங்களா?"

யாரோ சிரித்தார்கள். வக்கீல் சிரிக்கவில்லை. இயக்குநரின் பேனா நின்றுவிட்டது.

"சரி," என்றார் கடைசியில். "தாள்ல இருக்கிறதும் நீங்க சொல்றதும் ஒத்துப்போகலை. நேர்ல வந்து பாக்கிறோம்."

"வாங்க சார்," என்றாள். "ஆனா புதன்கிழமை வந்துடாதீங்க."

வாழ்நாளில் என்னை இத்தனை பேர் நடுவில் இப்படி யாரும் திட்டியதில்லை. இத்தனை பெரிய நற்சான்றிதழும் கிடைத்ததில்லை. அவள் அப்படி நினைத்துச் சொல்லவில்லை. கோபத்தில்தான் சொன்னாள். உண்மையான கோபம்.

ஏப்ரல் 24, வியாழன்

நேரடிப் பார்வை. "நீங்க தெருவுக்குள்ள வரக் கூடாது," என்று எடைமேடையிலேயே என்னை இறக்கிவிட்டார் இயக்குநர். நியாயம்தான். அவரும் குழுவினரும் நடந்து போனார்கள். கூடவே வக்கீல்.

எடைமேடைக்காரர் என்னை மேடையில் ஏறி நிற்கச் சொன்னார். முள்ளைப் பார்த்தார். "கவலையோட எடையா, கவலை இல்லாமலா?"

"கவலையைக் கழிச்சா நான் பறந்துடுவேன்யா."

பத்து நிமிஷம் இருக்கும். கண்ணாடி ஆலை ஒன்றின் வண்டி ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டி உள்ளே பாய்ந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த பராமரிப்புக்காரர் உடைந்த ஷாஃப்ட் ஒன்றைக் குழந்தையைப் போல மடியில் கிடத்தியிருந்தார்.

நேரம் போயிற்று. எவ்வளவு என்று கேட்காதீர்கள், ஒரு யுகம். எடைமேடைக்காரர் தெருவுக்குள் போய்ப் பார்த்துவிட்டு ஓடிவந்தார்.

"உங்க டைரக்டர் அந்தப் பொண்ணு பட்டறையிலதான் நிக்கிறார். கண்ணாடி ஆலையே நின்னு போச்சாம். ஆளுங்க எல்லாம் சும்மா உக்காந்திருக்காங்களாம். 'இது இங்க இல்லாட்டி எங்க போவீங்க?'ன்னு அந்த பராமரிப்புக்காரரைக் கேட்டார். 'தலைநகரத்துக்கு அனுப்பணும் சார், வர ஒரு வாரம் ஆகும்'னு அவர் கத்தினார். கத்தினாதானே கேக்கும் அங்க!"

"அவ என்ன பண்றா?"

"அவளா? யாரையும் நிமிந்தே பாக்கலை. கடைஞ்சுக்கிட்டு இருக்கா. வக்கீல் ஏதோ சொல்ல வந்தார். சத்தத்துல யாருக்கும் ஒண்ணும் விளங்கலை."

ஷாஃப்ட் முடிந்து வண்டி திரும்பிப் போகும் வரை இயக்குநர் அங்கிருந்து நகரவில்லை. வெளியே வந்தபோது அவர் வெள்ளைச் சட்டைக் கையில் கிரீஸ். காதைத் தேய்த்துக்கொண்டே வண்டியில் ஏறினார்.

ஏப்ரல் 29, செவ்வாய்

கூப்பிட்டார். நின்றேன்.

தெரு ஊதாவாகவே இருக்கும். ரயில் நிலையத்தை ஒட்டிய கடைசிப் பகுதி மட்டும் மஞ்சள். அங்கே உண்மையிலேயே காலிக் கிடங்குகள்தான். கிழக்குத் தொழிற்பேட்டையில் ஒரு மூலையைச் சின்ன மனைகளாக வெட்டப்போகிறார்கள். "பெரிய ஆலை வரணும்னா பக்கத்துல லேத் இருக்கணும். இதை நான் முதல்லயே யோசிச்சிருக்கணும்," என்றார்.

"நன்றி சார்."

"அவசரப்படாதீங்க. உறவு இருக்கிறதைச் சொல்லாதது தப்பு. இறுதிப் படத்தை நீங்க தொடக் கூடாது. நாளையிலிருந்து வடிகால் பிரிவு."

ஆக, பேரரசன் சாக்கடைக்கு மாற்றப்பட்டான். கதவு வரை போனவனைக் கூப்பிட்டார்.

"எடைமேடைன்னு எழுதிக் குடுத்தீங்களே. நான் என்ன கண்ணை மூடிக்கிட்டா கையெழுத்துப் போட்டேன்?"

ஏப்ரல் 30, புதன்

இறுதிப் படம் பக்கத்து மேஜையில் தயாராகிறது. வடக்கு அம்புக்கு மீசை இல்லை. ஊர் வடக்கு எதுவென்று தெரியாமல் தவிக்கப்போகிறது.

விஷயம் கீழே தெரிந்திருக்க வேண்டும். அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் இறங்கிப் போகவில்லை. தட்டு இன்னும் மாடிப்படியில்தான்.

மே 5, திங்கள்

காலையில் தட்டைத் தூக்கினேன். அடியில் என் பழைய குழி வரைபடம், நாலாய் மடித்து. வேறு ஆளை வைத்துப் போடவில்லை போலிருக்கிறது.

படியிலிருந்து எட்டிப் பார்த்தேன். செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள்:

"அதுல நிஜமாவே ஏதாவது தப்பு இருக்கா, இல்லையா?"

"இல்லைம்மா. முதல்லயிருந்தே இல்லை."

"கொத்தனாரை வரச் சொல்லியிருக்கேன்." போய்விட்டாள்.

மாமா என்று கூப்பிடவில்லை. ஆனால் பேசினாள்.

மே 7, புதன்

தெரு மூடியிருந்தது. நாங்கள் உள்ளே இருந்தோம்.